புதிதாகக் கிடைத்த அலாட்மென்ட்: கொத்துவதா, உழுவதா, மூடுவதா?

பிரிட்டனில் அலாட்மென்ட்டுக்கு, அதாவது காய்கறி பயிரிட வாடகைக்குக் கிடைக்கும் சிறு நிலத்துண்டுக்கு, பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தின் கடைசியில் ஒரு நாள் கடிதம் வரும். சாவியை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் இடுப்பளவு காய்ந்த புல், ஒரு மூலையில் பிளாக்பெரி முட்புதர், நடுவில் முன்பிருந்தவர் விட்டுப்போன உடைந்த கண்ணாடி. ஏப்ரல் பிறக்க இன்னும் சில வாரங்கள்தான். அந்த நிலையில் நின்று அண்மையில் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. எல்லாவற்றையும் கையால் கொத்துவதா? ரோட்டவேட்டர் எனும் கையால் ஓட்டும் உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடுவதா? காகித அட்டையைப் பரப்பி மேலே கம்போஸ்ட் கொட்டுவதா? பலகை அடித்துப் பாத்தி கட்டுவதா?

மூவருக்கும் நான் சொன்ன விடை வேறு வேறு. காரணம், மூன்று நிலத்தின் அடியிலும் இருந்த வேர்கள் வேறு வேறு.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். முழு நிலம் என்பது பழைய கணக்கில் 10 ரொட், சுமார் 250 சதுர மீட்டர். இப்போது பல கவுன்சில்கள் அதைப் பாதியாக்கி 125 சதுர மீட்டராகத் தருகின்றன. கேட்கும்போது சிறிதாகத்தான் இருக்கும். ஒரு மணிநேரம் கொத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிதென்று தெரியும். இந்தக் கட்டுரையில் பாதி நிலத்தையே கணக்காக வைத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என்ன வேர் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. ஒரு ஃபோர்க்கை, அதாவது மண் கிளறும் பற்கள் கொண்ட கருவியை, எடுத்துப்போய் நிலத்தில் ஐந்தாறு இடங்களில் குத்திப் புரட்டிப் பாருங்கள். வெள்ளையாக, கூர்முனையோடு, அருகம்புல்லின் கொடிபோல் கணுக்கணுவாக ஓடினால் அது கௌச் புல். பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடக்கும், பொறுமையிருந்தால் எடுத்துவிடலாம். தடித்த வெண்ணூல்போல் எளிதில் ஒடிந்து, ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போனால் அது பைண்ட்வீட். நாம் ஆசையாகச் சாப்பிடும் வள்ளைக்கீரையின் குடும்பம்தான்; வள்ளையின் துண்டு எப்படி எங்கே விழுந்தாலும் துளிர்க்குமோ அதே குணம் இதற்கும் உண்டு. கறுப்பாக, மெல்லிய கம்பிபோல் அடியாழத்துக்குப் போனால் ஹார்ஸ்டெயில். மண்வெட்டியால் அதன் அடியை எட்டவே முடியாது. ஆணிவேரோடு நிற்கும் டொக், டான்டிலியன் போன்றவை பார்க்கப் பயமாக இருந்தாலும் தனித்தனியாக நெம்பி எடுக்கக்கூடியவை.

மண்ணும் அதன் பதமும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உதிர்ந்தால் மணல் கலந்தது. உருட்டினால் பளபளப்பாகி நாடாபோல் நீண்டால் களிமண். லண்டனைச் சுற்றிப் பெரும்பாலும் இந்தக் களிதான். காலணியில் மண் அப்பிக்கொள்ளும் நாளில் களியைத் தொடக் கூடாது. ஈரத்தில் புரட்டிய கட்டி மே மாத வெயிலில் செங்கல்லாகிவிடும். பிறகு அதை உடைப்பதிலேயே பருவம் போய்விடும். களிமண்ணைக் கொத்த நல்ல காலம் இலையுதிர்காலம். குளிர்காலத்து உறைபனி கட்டிகளை உடைத்துக் கொடுக்கும். வசந்தத்தில் நிலம் கிடைத்தவருக்கு அந்த உதவி போய்விட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற வழிகளை எடைபோட வேண்டும்.

உங்கள் நேரம். வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணிநேரம்? ஆசையில் சொல்லும் எண்ணை விடுங்கள். மழையும் பிள்ளைகளின் வகுப்பும் உறவினர் வருகையும் போக மிஞ்சுவது எவ்வளவு?

பணம், பாரம், உடம்பு. கம்போஸ்ட் விலையைக் கணக்குப் பார்ப்பவர்கள் அதை வாசலிலிருந்து உங்கள் நிலம்வரை தள்ளிக்கொண்டு போவதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒப்பந்தம். கையெழுத்திட்ட தாளை ஒருமுறை முழுவதும் படியுங்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் நிலத்தின் இவ்வளவு பங்கு பயிரில் இருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பழைய கார்ப்பெட்டை விரிப்பதற்குப் பல இடங்களில் தடை. சில இடங்களில் பலகைப் பாத்திக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

எந்த வழியானாலும் முட்புதரில் கைவைக்கும் முன் ஒன்று. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காய்ந்த புல்லுக்குள் ஸ்லோவேர்ம் எனும் காலில்லாப் பல்லி கிடக்கலாம். பார்க்கப் பாம்புபோல் இருக்கும், கடிக்காது, ஸ்லக் எனும் ஓடில்லா நத்தையைத் தின்னும், அதுவும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரை ஓட்டும் முன் ஒரு குச்சியால் புல்லைத் தட்டிக்கொண்டு நடந்து வாருங்கள்.

## ஃபோர்க்கால் கொத்துவது

களிமண்ணிலும் வேர் நிறைந்த மண்ணிலும் தட்டையான அலகுள்ள ஸ்பேட் வேண்டாம். ஸ்பேட் வேரை அரிந்துவிடும். ஃபோர்க் அதை முழுதாகத் தூக்கிக் கொடுக்கும். கௌச் புல்லுக்கு இந்த வேறுபாடு ஒரு பருவத்து உழைப்புக்குச் சமம்.

என் வேகத்தில், வேரைப் பொறுக்கிக்கொண்டே கொத்தினால் ஒரு மணிநேரத்துக்கு 3 சதுர மீட்டர் முடியும். பாதி நிலம் முழுவதற்கும் நாற்பது மணிநேரத்துக்குமேல். வாரம் ஆறு மணிநேரம் ஒதுக்கினால் ஏழு வாரம். மார்ச் நடுவில் தொடங்கியவர் மே முதல் வாரத்தில்தான் நிமிர்வார். அதற்குள் முதலில் கொத்திய பகுதியில் புதிய களை முளைத்திருக்கும். மண்ணைப் புரட்டும்போது ஆழத்தில் உறங்கிய விதைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. இந்த வழியின் மறைந்த செலவு அதுதான். கொத்திய நிலம் வெறுமையாகக் கிடந்தால் இரண்டே வாரத்தில் பச்சைப் படலம் போர்த்தியிருக்கும்.

இன்னொரு செலவு, நீண்டகாலம் புல்லாகக் கிடந்த நிலத்தில் வரும் கம்பிப்புழு. கிளிக் வண்டின் இளம்பருவம் அது. மஞ்சள்-செம்மஞ்சள் நிறத்தில், விறைப்பாக, மண்ணுக்குள் சில ஆண்டுகள் இருக்கும். புல் போனதும் உருளைக்கிழங்கைத் துளைக்கத் தொடங்கும். இந்தத் தொல்லை எந்த வழியிலும் வரலாம் என்றாலும், கொத்தும்போது கண்ணில் படுவதைப் பொறுக்கி வெளியே போட்டால் ராபின் பறவை பார்த்துக்கொள்ளும்.

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று நம்மவர்கள் சொல்வார்கள். மழைக்கு ஏங்கும் நிலத்தில் தண்ணீர் உள்ளே இறங்க அது உதவும். இங்கே மழைக்கு அவ்வளவு பஞ்சமில்லை. ஃபோர்க்கின் பல் நீளத்துக்கு, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், போனால் போதும். அதற்குக் கீழே கிடக்கும் உயிரற்ற மஞ்சள் களியை மேலே கொண்டுவந்தால் விதை முளைக்கவே திணறும்.

கௌச் புல்லும் டொக்கும் உள்ள நிலத்தில், மண் பதமாக இருக்கும்போது, சிறு பகுதிக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. பைண்ட்வீட், ஹார்ஸ்டெயில் நிலத்தில் நாற்பது மணிநேரம் உழைத்தாலும் ஜூனில் அவை திரும்ப வந்துவிடும். அங்கே முழு நிலத்தையும் கொத்துமாறு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ரோட்டவேட்டர்

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: களை நிறைந்த புது நிலத்தில் முதல் ஆண்டு வேண்டவே வேண்டாம்.

ஒரே நாளில் 125 சதுர மீட்டரும் கறுப்பாக, பொலபொலவென்று தெரியும். அந்தக் காட்சிக்காகவே பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சுழலும் கத்தி கௌச் புல்லின் ஒவ்வொரு வேரையும் கணுக்கணுவாக நறுக்கி நிலம் முழுவதும் சமமாகத் தூவியிருக்கும். ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. எனக்குத் தெரிந்த ஒருவரின் நிலம் ஏப்ரலில் கேக் மாவுபோல் இருந்தது, ஜூன் கடைசியில் புல்வெளியாகியிருந்தது. அவர் போட்ட வெங்காயம் எந்த வரிசையில் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஈரக் களியில் ஓட்டினால் கத்தி எட்டும் ஆழத்தில் மண் அழுந்தி ஒரு கெட்டித் தளம் உருவாகும். மேலே தண்ணீர் நிற்கும், வேர் கீழே போகாது. வாடகையோடு முன்பணம், வண்டியில் ஏற்றி இறக்குவது, கல்லும் புதைந்த கம்பியும் சிக்கினால் வரும் பழுது ஆகியவையும் சேரும்.

வேர்க்களை இல்லாத, ஆண்டுக் களை மட்டுமே உள்ள, முன்பு பயிரில் இருந்த மண்ணில் இது நல்ல கருவி. பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழவும் உதவும். முழு நிலம் எடுத்த, முதுகு வலிமை குறைந்த ஒருவர் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் யோசிக்கலாம்.

## கொத்தாமல் மூடிப் பயிரிடுவது

புல்லைத் தரையோடு வெட்டி, அதன்மேல் தடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே 10 சென்டிமீட்டர் கம்போஸ்ட் போடுவது. நாம் மூடாக்கு என்பதன் தடித்த வடிவம். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் டேப்பையும் பின்னையும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் பத்து ஆண்டு கழித்தும் அந்த டேப் கையில் மாட்டும்.

இந்த முறையைப் பரப்பிய சார்ல்ஸ் டௌடிங் சோமர்செட்டில் ஒரே அளவுள்ள இரு பாத்திகளில், ஒன்றைக் கொத்தியும் மற்றதைக் கொத்தாமலும், இரண்டுக்கும் ஒரே அளவு கம்போஸ்ட் இட்டு, பல ஆண்டுகளாக விளைச்சலை எடைபோட்டு வருகிறார். கொத்தாத பாத்தி பின்தங்கவில்லை. சற்று முந்தியே வந்திருக்கிறது. மண்ணின் கட்டமைப்பை மண்புழுவும் பூஞ்சையிழையும் காத்துக்கொள்கின்றன, களைவிதை புதைந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆனால் அவருடைய ஒப்பீடு பைண்ட்வீட் மண்டிய புது நிலத்தில் நடந்ததல்ல. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு முதல் ஆண்டே அதே விளைச்சலை எதிர்பார்ப்பவர்கள் மனம் உடைகிறார்கள்.

கணக்குக்கு வருவோம். 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்திக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 600 லிட்டர், அதாவது 50 லிட்டர் பை 12. பை 7 பவுண்டு என்று வைத்தால் 84 பவுண்டு. பாதி நிலத்தில் நடைபாதை போக 60 சதுர மீட்டர் பாத்தி அமைத்தால் 6 கன மீட்டர், 120 பை, 840 பவுண்டு. மொத்தமாக லாரியில் வாங்கினால் விலை குறையும். ஆனால் லாரி வாசலில் கொட்டிவிட்டுப் போய்விடும். 90 லிட்டர் தள்ளுவண்டியில் அது 67 நடை. உங்கள் நிலம் வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 13 கிலோமீட்டருக்குமேல். முதுகைக் காக்கும் வழி என்று இதைத் தேர்ந்தவர்கள் இந்த நடையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய மறைந்த செலவு எருவுக்குள் இருக்கலாம். குதிரை லாயத்தில் இலவசமாக எரு கிடைக்கும், அதைப் பரப்பலாம் என்று தோன்றும். மேய்ச்சல் நிலத்துக்கு அடிக்கும் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி புல்லோடு குதிரையின் வயிற்றுக்குப் போய், அப்படியே எருவில் வெளிவருகிறது. மக்கிய பிறகும் அதன் வீரியம் நீடிக்கும். 2008-ல் பிரிட்டனில் பல அலாட்மென்ட்களில் தக்காளியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் இதனால் சுருண்டு கெட்டன. சோதிப்பது எளிது. சந்தேகமான எருவைக் கலந்து சில தொட்டிகளிலும், கலக்காமல் சில தொட்டிகளிலும் புரோட் பீன்ஸ் ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் எருவிட்ட செடியின் நுனி மட்டும் பெரணிபோல் சுருண்டால் அந்த எருவை நிலத்தில் சேர்க்காதீர்கள். என் பாத்தி ஒன்று இப்படி இரண்டு கோடைகள் வீணானது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அட்டைக்கு அடியில் ஸ்லக் பெருகும். முதல் வசந்தத்தில் மென்மையான நாற்றுகளை இரவில் டார்ச்சோடு போய்க் காக்க வேண்டியிருக்கும். கேரட், பார்ஸ்னிப் போன்ற நீள்கிழங்குகளை அட்டை ஊறிக் கரையும்வரை தள்ளிப்போடுவது நல்லது. அதற்குச் சில மாதங்கள் ஆகும். கூர்ஜெட் எனும் சீமைச் சுரைக்காய், பூசணி, பீன்ஸ், லெட்யூஸ் எல்லாம் நன்றாக வரும். பைண்ட்வீட் அட்டையைத் தாண்டி வரும். ஆனால் தளர்ந்த கம்போஸ்ட்டில் அதை இழுப்பது எளிது. வாரம் தவறாமல் இழுத்தால் வேர் படிப்படியாக வலுவிழக்கும்.

களிமண், குறைந்த நேரம், கொஞ்சம் பணம் இந்த மூன்றும் உள்ளவருக்கு இதுவே முதல் தேர்வு. காலையில் பரப்பி மாலையில் நடலாம் என்பது ஏப்ரலில் பெரிய பலம்.

## பலகைப் பாத்தி

நிறையப் பேர் இதிலிருந்துதான் தொடங்க நினைக்கிறார்கள், படங்களில் அழகாக இருப்பதால். நீர் தேங்கும் நிலம், குனிய முடியாத முதுகு, பழைய தொழிற்சாலை மண்ணோ என்ற ஐயம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் கட்டுங்கள். இல்லையென்றால் முதல் ஆண்டுப் பணத்தைக் கம்போஸ்ட்டில் போடுவது மேல்.

2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் உள்ளே நிரப்ப 860 லிட்டருக்குமேல் வேண்டும். ஓராண்டில் அது இறங்கிவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். கோடையில் வேகமாகக் காயும். உங்கள் இடத்தில் குழாய் நீட்டத் தடை இருந்து, தொட்டியில் பூவாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டுமென்றால் ஜூலையில் ஒவ்வொரு மாலையும் அங்கேதான் இருப்பீர்கள். பலகை இடுக்கு ஸ்லக்கின் வீடு. கிரியோசோட் எனும் தார் எண்ணெய் பூசிய பழைய ரயில் கட்டைகளை உணவுப் பாத்திக்கு வைக்காதீர்கள்.

## மூடிவைத்துக் காத்திருப்பது

இதை ஒரு தேர்வாகவே பலர் நினைப்பதில்லை. வெளிச்சம் புகாத கறுப்பு விரிப்பை விரித்து, ஓரங்களைப் புதைத்து, கல் வைத்து விடுவது. கௌச் புல் ஒரு முழு வளர்ச்சிப் பருவம் வெளிச்சமின்றி இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பைண்ட்வீட்டுக்கு அது போதாது. செலவு விரிப்பு மட்டும். ஒப்பந்தத்தில் பயிர்ப் பங்கு கேட்கிறார்களா என்று பார்த்து, தேவைப்பட்டால் அலாட்மென்ட் செயலாளரிடம் உங்கள் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். திட்டம் தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

| வழி | இந்த வசந்தத்திலேயே நடலாமா | கவனிக்காமல் விடும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| ஃபோர்க்கால் கொத்துதல் | சிறு பகுதியில் | நேரம், முளைக்கும் களைவிதை | கௌச், டொக் உள்ள நிலம். பதமான மண் |
| ரோட்டவேட்டர் | உடனே | நறுக்கிய வேர், கெட்டித் தளம் | வேர்க்களை இல்லாத மண் |
| அட்டையும் கம்போஸ்ட்டும் | உடனே, நீள்கிழங்கு தவிர | பாரம், கெட்ட எரு, ஸ்லக் | களிமண், நேரம் குறைந்தவர் |
| பலகைப் பாத்தி | நிரப்பியதும் | மண் நிரப்புதல், தண்ணீர் | நீர் தேங்கும் நிலம், முதுகு வலி |
| மூடிவைத்தல் | முடியாது | ஓராண்டுப் பொறுமை | ஒரே நேரத்தில் தொட முடியாத பகுதி |

## நான் என்றால் இப்படிப் பிரிப்பேன்

நிலம் முழுவதற்கும் ஒரே வழி என்ற எண்ணத்தை விட்டால் பாதிக் குழப்பம் தீரும். 125 சதுர மீட்டரில் இந்த வசந்தத்தில் ஐம்பதை மட்டும் தொடுங்கள். மீதி எழுபத்தைந்தையும் மார்ச்சிலேயே கறுப்பு விரிப்பால் மூடிவிடுங்கள்.

ஐம்பதில் 20 சதுர மீட்டரை, வேர் குறைவாகத் தெரிந்த பக்கமாகப் பார்த்து, ஃபோர்க்கால் கொத்துங்கள். ஏழு மணிநேர வேலை, இரண்டு வார இறுதி. மண் லேசாக ஈரமாக இருந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். மார்ச் கடைசியில் அதில் முளைகட்டிய ஏர்லி (சீக்கிரம் விளையும்) உருளைக்கிழங்கு, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 60. ஓரத்தில் ஓரிரு வரிசை வெங்காயச் சிறுகிழங்கு. உருளை நிலத்தைச் சுத்தம் செய்யும் என்பார்கள். சுத்தம் செய்வது அதற்காக நாம் கொத்துவதும், மண் அணைப்பதும், பிறகு கிழங்குக்காகத் தோண்டுவதும்தான். ஒரே பயிருக்கு மூன்று முறை மண்ணைப் பார்க்கிறோம்.

மீதி முப்பதில் இரண்டு மூன்று அட்டைப் பாத்திகள், இடையே மரச்சீவல் போட்ட நடைபாதை. ஏப்ரலில் லெட்யூஸ், பீட்ரூட் நாற்று. பீன்ஸையும் கூர்ஜெட்டையும் அவசரப்பட்டு வெளியே வைக்க வேண்டாம். இங்கிலாந்தின் தெற்கில்கூட மே நடுவரை உறைபனி வரலாம், வடக்கில் ஜூன் தொடக்கம்வரை. பீன்ஸ் விதைக்கு மண் 12 டிகிரியாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அழுகிப்போகும். வீட்டுச் சன்னலில் ஏப்ரல் கடைசியில் தொட்டியில் போட்டு, மே கடைசியில் கொண்டுவந்து வையுங்கள்.

பைண்ட்வீட் நிலமா? அப்படியானால் கொத்தும் பகுதியை 10 சதுர மீட்டராகக் குறைத்து அட்டைப் பகுதியைக் கூட்டுங்கள். ஹார்ஸ்டெயில் என்றால் கொத்துவதையே விட்டுவிட்டு, உருளையை அட்டையைக் கிழித்து நட்டு, மேலே இன்னும் கம்போஸ்ட்டும் வைக்கோலும் அணையுங்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஏர்லி உருளையைத் தோண்டலாம். ஒவ்வொரு செடியாக ஃபோர்க்கைக் கொடுத்து நெம்பும்போது கிழங்கோடு விடுபட்ட வெள்ளை வேர்களும் மேலே வரும். அவற்றை ஒரு வாளியில் தனியே போட்டுக்கொள்ளுங்கள், கம்போஸ்ட் குவியலில் சேர்க்காதீர்கள். தண்ணீர் நிறைந்த மூடிய வாளியில் சில வாரம் ஊறவைத்தால் அழுகிவிடும், பிறகு குவியலில் கொட்டலாம். கிழங்கு எடுத்த அன்றே அந்த இடத்தில் வெங்காயக் குடும்பத்து லீக்ஸ் நாற்றுகளைக் குழியிட்டு நட்டு, குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அவை குளிர்காலம் முழுவதும் நிற்கும். மூடிய எழுபத்தைந்து சதுர மீட்டரின் விரிப்பை அடுத்த மார்ச்சில் தூக்கிப் பார்க்கும்போது, அந்த லீக்ஸைத்தான் நீங்கள் வீட்டுக்குப் பிடுங்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.